பழைய பண்ணை லாரியை வீட்டிலேயே செப்பனிடும் முறை

குடியானவனுக்கு நிலமும் நீரும் எவ்வளவு அவசியமோ, விளைந்த பொருளை உரிய காலத்தில் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் வண்டியும் அவ்வளவு அவசியமாகும். களத்தில் குவிந்து கிடக்கும் தானியம் மழையில் நனைந்தால் அந்த நஷ்டம் விளைவித்தவனையே சாரும். தன் வண்டி ஓடவில்லையென்றால் பிறர் வண்டிக்கு வாடகை கொடுக்க வேண்டும். அல்லது வாசலுக்கு வரும் வியாபாரி சொன்ன விலைக்கு விற்றுவிட வேண்டும். ஆகையால் பழைய வண்டியைச் செப்பனிட்டு வைத்துக்கொள்வது குடும்பத்தின் வரவு செலவைப் பொறுத்த விஷயமாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கானடாவிலும் பண்ணை வேலைக்குப் பெரிதும் வழங்கிய ஃபோர்டு ஏ.ஏ. என்னும் லாரியை உதாரணமாகக் கொண்டு, இவ்வேலையைச் செய்யும் முறை இங்கே விவரிக்கப்படுகிறது. இந்த லாரியின் பெயர் நம் நாட்டிற்கும் புதியதன்று. 1930-க்குப் பிந்திய ஆண்டுகளில் ஃபோர்டு வண்டிகளின் பாகங்கள் கப்பலில் வந்து, சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய துறைமுக நகரங்களில் பொருத்தப்பட்டு விற்கப்பட்டன.

லாரியின் வரலாறு

ஃபோர்டு கம்பெனியார் 1917-ஆம் ஆண்டில் டி.டி. என்னும் ஒரு டன் லாரியை வெளியிட்டனர். அதற்குப் பதிலாக 1927-ஆம் ஆண்டின் இறுதியில் வந்ததே ஒன்றரை டன் பாரம் ஏற்றும் ஏ.ஏ. லாரி. இது 1932-ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டது. இதன் எஞ்சின், அக்காலத்து மாடல் ஏ காரில் இருந்த அதே நான்கு சிலிண்டர் எஞ்சின். அதன் சக்தி 40 குதிரைச் சக்தி. சட்டமும் அச்சுகளும் வில் பட்டைகளும் பாரத்திற்கேற்பக் கனமாக அமைக்கப்பட்டிருந்தன.

1929-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்த பின்னர், தானிய விலைகள் மிகவும் இறங்கின. கோதுமை விற்ற பணத்தில் புது லாரி வாங்குவது பெரும்பாலான குடியானவர்களுக்கு இயலாததாயிற்று. பிறகு யுத்தம் வந்தது. 1942-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அமெரிக்காவில் டயர்கள் பங்கீட்டின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. பிப்ரவரி மாதத்தில் பொதுமக்களுக்குக் கார் செய்வது நிறுத்தப்பட்டது. இவ்விரு நெருக்கடிகளிலும், இருந்த லாரியைக் காப்பாற்றிக்கொண்ட குடும்பம் சந்தையை எட்டியது. காப்பாற்ற இயலாதது பிறர் கையை எதிர்பார்த்து நின்றது.

சஸ்காச்சுவான் முதலிய கோதுமைப் பிரதேசங்களில் குடியானவர்கள் கூட்டுறவு முறையில் விற்பனைச் சங்கங்களை ஏற்படுத்திக்கொண்டிருந்தனர். 1924-ஆம் ஆண்டில் தோன்றிய சஸ்காச்சுவான் கோதுமைச் சங்கம் அவற்றுள் ஒன்று. சங்கத்தின் உயர்ந்த தானியக் களஞ்சியம் ரயில் பாதையோரத்தில் நிற்கும். ஆனால் களத்திலிருந்து களஞ்சியம் வரையுள்ள சில மைல்களைக் கடப்பது அங்கத்தினரின் சொந்தப் பொறுப்பு. சங்கம் எவ்வளவு நன்றாக நடந்தபோதிலும், தானியத்தை அங்கே கொண்டு சேர்க்க இயலாதவனுக்கு அதனால் பயன் சிறிதே.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியானவர்கள் பழுது பார்க்கும் வேலையைத் தாமே செய்யக் கற்றுக்கொண்டதற்கு அரசாங்கத்தின் உதவியும் ஒரு காரணமாகும். 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விவசாய விஸ்தரிப்பு ஊழியர்கள் கிராமங்களுக்குச் சென்று போதித்தனர். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பள்ளிக்கூடங்களில் விவசாயத் தொழிற் கல்விக்குப் பணவுதவி கிடைத்தது; மாணவர்கள் பண்ணைப் பட்டறை வேலையையும் அங்கே பயின்றனர்.

முதலில் கணக்கு, பிறகு ஸ்பானர்

பழைய லாரியைச் செப்பனிட முனைவோர் செய்யும் பெருந்தவறு ஒன்று உண்டு. உற்சாகத்தின் வேகத்தில் வண்டி முழுவதையும் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். பிரிப்பதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். பூட்டுவதற்கு இரண்டு வருஷங்களும் போதா. இதற்குள் நட்டுகள் காணாமற் போகின்றன, பாகங்கள் துருப்பிடிக்கின்றன, எது எங்கே இருந்தது என்பது மறந்துபோகிறது. கடைசியில் இரும்பு விலைக்கு எடைபோட்டு விற்க நேரிடுகிறது. பிரித்துப் போட்ட லாரி ஒரு கடன். ஓடுகின்ற லாரியே முதல். ஆகையால் ஒரு பகுதியைப் பிரித்து, செப்பனிட்டு, திரும்பப் பூட்டி, அது சரியாக வேலை செய்வதைப் பார்த்த பின்னரே அடுத்த பகுதியைத் தொட வேண்டும்.

வேலை தொடங்குமுன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, செய்ய வேண்டியவற்றையெல்லாம் மூன்று தலைப்புகளின் கீழ் எழுத வேண்டும். முதல் தலைப்பில் உயிருக்கு அபாயம் விளைவிக்கக்கூடியவை: பிரேக்கு, ஸ்டியரிங், சக்கரங்கள், பெட்ரோல் கசிவு. இரண்டாம் தலைப்பில் ஓட்டத்திற்கு அவசியமானவை: எஞ்சின், கியர், ரேடியேட்டர், மின்சாரக் கம்பிகள். மூன்றாம் தலைப்பில் அழகைச் சேர்ந்தவை: வர்ணம், மெத்தை, கண்ணாடி. முதல் தலைப்பு முடியும் வரை மூன்றாம் தலைப்பிற்கு ஒரு காசும் செலவிடலாகாது. பளபளக்கும் வர்ணத்தைப் பார்த்து வண்டி நிற்பதில்லை, பிரேக்கினாலேயே நிற்கிறது.

ஒவ்வொரு சாமானின் விலையையும் எழுதுவதுடன், உழைத்த மணி நேரத்தையும் எழுதி வர வேண்டும். வீட்டார் உழைப்புக்குக் கூலி கொடுப்பதில்லை என்பதால் அது செலவில்லை என்று எண்ணுவது பிழை. விதைப்புக் காலத்தில் லாரியின் கீழே படுத்திருப்பவன் வயலை இழக்கிறான். அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையிலுள்ள ஓய்வு மாதங்களே இவ்வேலைக்கு உகந்தவை. இதற்காகக் கடன் வாங்குவதாயின், அடுத்த விளைச்சலில் தீர்க்கக்கூடிய தொகைக்கு மேல் வாங்கலாகாது.

வண்டியை அடையாளம் கண்டுகொள்ளுதல்

ஒரே பெயருடைய லாரிகளெல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. ஏ.ஏ. லாரியில் முதலில் வந்தவற்றின் பின்னச்சில் வார்ம் என்னும் திருகுப் பல்சக்கரமும், பிற்பட்டவற்றில் பெவல் என்னும் சாய்வுப் பல்சக்கரமும் இருந்தன. கியர்ப் பெட்டியிலும் முதலில் மூன்று கியர்களும் பிறகு நான்கு கியர்களும் வந்தன. எஞ்சினின் இடப்பக்கத்தில், தண்ணீர் உட்புகும் குழாய்க்கு மேலே, அதன் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, பழைய பாகத்தை அளந்து பார்த்த பின்னரே புதிய பாகத்திற்கு எழுத வேண்டும். எஞ்சின் பாகங்கள் மாடல் ஏ காருக்கும் பொதுவாதலால் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. லாரிக்கு மட்டும் உரிய பின்னச்சு, கியர்ப் பெட்டி, சக்கரம் ஆகியவை கிடைப்பது அரிது. ஆகவே பழைய லாரியை விலைக்கு வாங்குவோர் எஞ்சினைவிடப் பின்னச்சையே அதிகக் கவனத்துடன் பரீட்சிக்க வேண்டும்.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும்போது அதன் நட்டு, போல்ட்டு, வாஷர்களை ஒரே தகரக் குவளையில் இட்டுப் பெயர் எழுதி வைக்க வேண்டும். கழற்றுமுன் ஒரு படம் எடுத்து வைப்பதும் நன்று. துருப்பிடித்த நட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் போல்ட்டு முறியும். எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்து, மெல்லச் சூடேற்றித் திருக வேண்டும். பெட்ரோல் தொட்டிக்கு அருகில் மட்டும் தீயை உபயோகிக்கக் கூடாது.

வண்டியை ஜாக்கியால் தூக்கியவுடன் அதன் கீழ்ப் புகலாகாது. ஜாக்கி தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு உரியதன்று. கெட்டித் தரையில், அகன்ற அடியுடைய இரும்புத் தாங்கிகளையோ, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய வைர மரக்கட்டைகளையோ சட்டத்தின் கீழ் வைத்து, தரையிலுள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுத்து, வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்த பின்னரே கீழே செல்ல வேண்டும்.

பிரேக்கு

ஏ.ஏ. லாரியின் பிரேக்கில் எண்ணெய்க் குழாய் இல்லை. காலால் மிதிக்கும் பெடலிலிருந்து இரும்புக் கம்பிகள் நான்கு சக்கரங்களுக்கும் செல்கின்றன. கம்பிகளின் முனையிலுள்ள கவைகளும் அவற்றில் செருகிய ஊசிகளும் பல வருஷ உபயோகத்தில் தேய்ந்து துளைகள் நீள்வட்டமாகிவிடும். ஒவ்வொரு துளையிலும் சிறிது தேய்வு இருந்தால், பெடலின் அசைவில் பெரும்பகுதி அந்தத் தேய்வுகளை நிரப்புவதிலேயே கழிந்துவிடும்; பிரேக்குப் பிடிக்க எஞ்சுவது சொற்பம். புதிய லைனிங் போட்டும் பிரேக்குப் பிடிக்கவில்லை என்று குறை கூறுவோர் பெரும்பாலும் இந்தத் தேய்வைக் கவனியாதவர்களே. தேய்ந்த துளைகளைப் பற்றவைப்பால் நிரப்பி மீண்டும் துளையிட்டு, புதிய ஊசிகளைப் பூட்டுவது தேர்ந்த கொல்லன் செய்யக்கூடிய வேலையாகும்.

டிரம்மைக் கழற்றியவுடன் உள்ளேயுள்ள தூசியை ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் தூசி நுரையீரலிற் புகுந்தால் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் புற்றுநோயை உண்டாக்கும். ஈரத் துணியால் ஒற்றியெடுத்து, அத்துணியை மூடிக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். வேலை செய்யும்போது தகுந்த முகமூடி அணிவதும், குழந்தைகளை அருகில் விடாதிருப்பதும் அவசியம்.

லைனிங்கும் டிரம்மும் சீரானபின், சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொன்றின் பின் தகட்டிலுமுள்ள சதுரத் தலைத் திருகைக் கொண்டு பிரேக்கைச் சரிப்படுத்த வேண்டும். ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களும் சம பலத்துடன் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் முந்திப் பிடித்தால், ஈரத் தரையில் பாரமேற்றிய லாரி பக்கவாட்டில் திரும்பிவிடும்.

சக்கரமும் ஸ்டியரிங்கும்

முன்னச்சைத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் கைகளை வைத்து அசைத்துப் பார்த்தால், பேரிங்கிலும் கிங் பின்னிலும் உள்ள தேய்வு தெரியும். இடமும் வலமும் அசைத்தால் ஸ்டியரிங் கம்பிகளின் குண்டு முனைகளிலுள்ள தேய்வு தெரியும். முன் சக்கரத்தைத் தாங்கும் நட்டு கோட்டைச் சுவர்போல் வெட்டு வெட்டாக இருக்கும். அந்த வெட்டின் வழியே காட்டர் பின் என்னும் சிறு கம்பியைச் செருகி முனைகளை மடக்க வேண்டும். ஒருமுறை கழற்றிய பின்னை மறுபடி உபயோகிக்கலாகாது. புதியதே செருக வேண்டும். அச்சாணியில்லாத் தேர் முச்சாணும் ஓடாது என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேண்டுவதில்லை.

பழைய லாரிச் சக்கரங்களில் டயரை நிறுத்துவதற்கு இரும்புப் பூட்டு வளையம் உண்டு. இவ்வளையம் துருப்பிடித்தோ வளைந்தோ இருந்தால், காற்றடிக்கும்போது பீரங்கிக் குண்டுபோல் வெளியே பாயும். அருகிலிருப்போர் உயிரையும் மாய்க்கும். காற்று முழுவதையும் இறக்கிய பின்னரே வளையத்தைத் தொட வேண்டும். காற்றடிக்கும்போது சக்கரத்தை இரும்புக் கூண்டினுள் வைத்து, நீண்ட குழாயின் மூலம் ஒதுங்கி நின்று அடிக்க வேண்டும். இச்சாதனங்கள் இல்லாதவர்கள் இவ்வொரு வேலையை மட்டுமாவது டயர்க் கடைக்காரரிடம் விட்டுவிடுவதே விவேகம்.

எஞ்சின்

நெடுங்காலம் நின்றுபோன எஞ்சினை உடனே கிளப்ப முயலக் கூடாது. இறுகியிருக்கும் வண்டியை வேறு வண்டியில் கட்டியிழுப்பது அதனினும் தீது. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டுச் சில நாட்கள் ஊறவைத்து, பிறகு ஹாண்டிலால் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். அடிப்பாத்திரத்திலுள்ள எண்ணெயை இறக்கும்போது அது பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அறியலாம். குளிர் நாடுகளில் ரேடியேட்டர்த் தண்ணீரை இறக்காமல் விட்டால் அது உறைந்து விரிந்து வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். அவ்வாறு பிளந்த எஞ்சினுக்கு மேற்செலவு செய்யுமுன், பட்டறையில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

அடிப்பாத்திரத்தைக் கழற்றிச் சேறுபோல் படிந்திருக்கும் கசடு முழுவதையும் அகற்றுவது மிக முக்கியம். இந்த எஞ்சினில் எண்ணெய் வடிகட்டி கிடையாது. இக்காலத்து எண்ணெய்கள் பழைய கசடைக் கரைத்துப் பேரிங்குகளுக்குக் கொண்டு செல்லக்கூடும். ஆகவே முதலில் சுத்தம், பிறகு புது எண்ணெய். கொள்ளளவு சுமார் 4.7 லிட்டர். 500 மைலுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்ற வேண்டுமென்பது கம்பெனியார் விதித்த முறை. வடிகட்டியில்லாத எஞ்சினுக்கு அது இன்றும் பொருந்தும்.

கிராங்குத் தண்டின் பேரிங்குகள் பாபிட் என்னும் வெள்ளை உலோகக் கலவையால் வார்க்கப்பட்டவை. பேரிங்கின் இரு பாதிகளுக்கும் இடையே மெல்லிய தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். தேய்வு ஏற்பட்டால் ஒரு தகட்டை உரித்து எடுத்து இடைவெளியைக் குறைக்கலாம். இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை இருப்பது நலம். பிளாஸ்டிகேஜ் என்னும் மெல்லிய இழையை இடையில் வைத்து இறுக்கி, அது எவ்வளவு அகலமாக நசுங்குகிறது என்பதைக் கொண்டு இதை அளக்கலாம். பாபிட் வெடித்தோ பெயர்ந்தோ இருந்தால், மீண்டும் வார்த்துக் கடைவது அனுபவமுள்ள பட்டறையின் வேலை. அதை வீட்டில் முயன்று பொருளை விரயமாக்கலாகாது.

சிலிண்டரின் மேல்மூடியைப் பூட்டும்போது, புதிய கேஸ்கெட்டை வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி மூன்று சுற்றுகளாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். முடிவான இறுக்கம் 55 அடி ராத்தல். ஒருமுறை சூடேறி ஆறியபின் மறுபடியும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

பெட்ரோலும் மின்சாரமும்

இந்த லாரியில் பெட்ரோல் தொட்டி ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்பாக, எஞ்சினைவிட உயரத்தில் இருக்கிறது. பம்பு எதுவுமின்றித் தன் பாரத்தினாலேயே பெட்ரோல் கார்புரேட்டருக்கு இறங்குகிறது. எளிமையான இவ்வமைப்பிலேயே அபாயமும் உண்டு: ஓரிடத்தில் கசிவு ஏற்பட்டால் தொட்டி முழுவதும் வடிந்துவிடும். தொட்டியின் கீழுள்ள அடைப்பு நன்கு மூடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வண்டி நிற்கும்போதெல்லாம் அதை மூடிவைக்க வேண்டும். பழைய தொட்டியில் துளை இருந்தால் வீட்டில் பற்றவைக்கவே கூடாது. காலியானதாகத் தோன்றும் தொட்டியினுள்ளும் ஆவி தங்கியிருந்து வெடிக்கும். இக்காலத்தில் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுவதால், அதைத் தாங்கக்கூடிய கேஸ்கெட்டுகளையே போட வேண்டும். கலப்புப் பெட்ரோல் ஈரத்தை ஈர்க்குமாதலால், அதைத் தொட்டியில் மாதக்கணக்காக விட்டுவைக்கலாகாது.

பாட்டரி 6 வோல்ட். இதில் கூட்டல் முனையே சட்டத்துடன் இணைக்கப்படுகிறது. இக்காலத்து வண்டிகளில் கழித்தல் முனை இணைக்கப்படுவதால் பலர் மாற்றிப் பூட்டிவிடுகின்றனர். துணி சுற்றிய பழைய கம்பிகள் பொடிந்து உதிர்வதால் முழுவதையும் மாற்றிவிடுவதே நல்லது. ஆதியில் இவ்வண்டிக்கு ஃபியூஸ் இல்லை. பாட்டரிக் கம்பியில் ஒரு ஃபியூஸைச் சேர்ப்பது சிறு செலவு. தீ விபத்தைத் தடுக்கும் பெரிய காப்பு.

டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள பாயிண்டுகளின் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 18 முதல் 22 பங்கு வரை இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் என்னும் தகட்டளவால் இதைப் பார்க்கலாம். நான்கு சிலிண்டர்களும் 1, 2, 4, 3 என்ற வரிசையில் வெடிக்கின்றன. ரேடியேட்டருக்கு அருகிலுள்ளது முதல் சிலிண்டர். அது உச்சத்திற்கு வருவதை அறிய எஞ்சினின் முன்மூடியில் ஒரு திருகூசி உண்டு. அதைக் கழற்றித் திருப்பி, உருண்ட முனையை உள்ளே செலுத்தி, ஹாண்டிலை மெல்லச் சுற்றினால், பல்சக்கரத்திலுள்ள சிறு பள்ளத்தில் ஊசி விழும். அந்நிலையில் பாயிண்டுகள் திறக்கத் தொடங்குமாறு சரிப்படுத்தினால் போதும். பிறகு ஊசியை முன்போல் திருப்பிப் பூட்ட மறக்கலாகாது.

ஸ்டியரிங் தண்டின் இடப்பக்கத்துக் கைப்பிடி, தீப்பொறி விழும் நேரத்தை முன்னும் பின்னும் மாற்றுவது. ஹாண்டிலால் கிளப்புமுன் இதை முழுவதும் மேலே தள்ளிவிட வேண்டும். இதை மறந்தால் எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். அக்காலத்தில் மணிக்கட்டு முறிந்தவர்கள் அநேகர். கட்டை விரலை ஹாண்டிலைச் சுற்றிப் பிடிக்காமல், மற்ற விரல்களுடன் ஒரே பக்கத்தில் வைத்து, கீழிருந்து மேல்நோக்கி இழுக்க வேண்டும். மேலிருந்து கீழே அழுத்தலாகாது.

பாரப் பலகையும் வர்ணமும்

மேற்சொன்னவை முடிந்த பின்னரே மரவேலைக்கு வர வேண்டும். பாரப் பலகையின் குறுக்குச் சட்டங்களில் உளுப்பு உண்டா என்று உளியால் குத்திப் பார்த்து, உளுத்ததை மாற்ற வேண்டும். இதை ஊர்த் தச்சரைக் கொண்டே செய்துகொள்ளலாம். வில் பட்டைகளில் முறிந்த தகடு இருந்தால் மாற்ற வேண்டும். பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடுமாதலால் அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்கக் கூடாது. நனைத்துத் தேய்க்க வேண்டும். துருவை முற்றும் அகற்றி, துரு தடுக்கும் பூச்சைப் பூசி, அதன்மேல் வர்ணம் பூசினால் நெடுநாள் நிற்கும்.

சோதனை ஓட்டம்

முதல் ஓட்டம் காலி வண்டியுடன், வீட்டு எல்லைக்குள், நடை வேகத்தில் இருக்க வேண்டும். பத்து முறை பிரேக்குப் போட்டு நிறுத்திப் பார்த்து, டிரம்கள் சமமாகச் சூடேறியிருக்கின்றனவா என்று கையை அருகில் வைத்து அறிய வேண்டும். பிறகு ஒரு மைல். பிறகு ஐந்து மைல். ஒவ்வொரு முறையும் நட்டுகளையும் எண்ணெயையும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். அதன் பின்னரே கால் பாரம், அரைப் பாரம் என்று ஏற்றி வர வேண்டும். ஒன்றரை டன் என்பது கம்பெனியார் அது புதிதாக இருந்தபோது சொன்ன அளவு. முதிர்ந்த காளைக்கு இளங்காளையின் பாரத்தை ஏற்றாதது போல, வயதான லாரிக்கும் சற்றுக் குறைத்தே ஏற்ற வேண்டும். பொதுச் சாலையில் செலுத்துமுன் பதிவு, தகுதிச் சான்று, இன்ஷ்யூரன்ஸ் ஆகியவற்றைச் சட்டப்படி பெற்றுக்கொள்ள வேண்டும்.

கூட்டு முயற்சி

பேரிங் கழற்றி, இறுக்க அளவு காட்டும் ஸ்பானர், சங்கிலிக் கப்பி, டயர்க் கூண்டு ஆகியவை வருஷத்தில் சில நாட்களே உபயோகப்படுவன. இவற்றை ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே வாங்குவது வீண். ஐந்தாறு குடும்பங்கள் பங்கு போட்டு வாங்கி, ஒரு பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொண்டால் செலவும் குறையும். ஒருவர் அறிந்தது மற்றவருக்கும் பயன்படும். தனியாக லாரியின் கீழே வேலை செய்யாமல், ஓர் ஆள் உடனிருப்பதும் இதனால் கைகூடும்.

இங்கே கூறிய அளவுகள் ஒருவகை லாரிக்கே உரியவை. முறையோ, பழைய ஜீப்பு, டிராக்டர், டிரெயிலர் முதலிய எல்லாவற்றுக்கும் பொதுவானது. கணக்கை எழுதிக்கொண்டு தொடங்குதல். உயிரைக் காப்பதை முதலில் செய்தல். ஒன்றைப் பூட்டிய பின்னரே மற்றொன்றைப் பிரித்தல். தன்னால் இயலாததைத் தேர்ந்தவரிடம் விடுதல். அறுவடைக்கு முன்னால் முடித்தல் - இவ்வைந்தையும் கைக்கொண்டால், கொட்டகையின் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் லாரியும் களத்து நெல்லையோ கோதுமையையோ ஏற்றிக்கொண்டு, நல்ல விலை நிற்கும்போதே சந்தையை அடையும்.